ஓர் உம்மையும் ஓராண்டு வகுப்பும்

நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு நடத்தும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ (ஏ.பி.) என்ற மேல்நிலைப் பாடங்களில் ஒன்று அது. பள்ளியில் எல்லோரும் சுருக்கமாக ‘ஏ.பி. லிட்’ என்பார்கள். ஜூன் மாதத்தில் அடுத்த கல்வியாண்டுக்கான பெயர்ப்பட்டியல் வெளியானதும் பெற்றோரிடமிருந்து மின்னஞ்சல்களும் தொலைபேசி அழைப்புகளும் வரத் தொடங்கிவிடும். அவர்களில் தமிழ்ப் பெற்றோரும் உண்டு. என் பெயரைப் பார்த்த உரிமையில், “மேடம், நீங்க எந்த ஊர்?” என்று ஆரம்பித்து, திருநெல்வேலி என்று நான் சொன்னதும் இரண்டு நிமிடம் ஊர்ப்பேச்சுப் பேசிவிட்டு, அதன் பிறகு கேட்க வந்ததைக் கேட்பார்கள்: “இந்த கிளாசுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கணும்?”

நியாயமான கேள்விதான். அதே பிள்ளை கால்குலஸும் இயற்பியலும் எடுத்திருக்கும். மாலையில் நீச்சல், சனிக்கிழமை வயலின், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளியில் தன்னார்வப் பணி என்று வாரம் முழுவதும் நிரம்பியிருக்கும். பல ஆண்டுகளாக நானும் “5, 6 மணி நேரம்” என்று பதில் சொல்லிவந்தேன். அந்தப் பதில் தவறு என்று இப்போது நினைக்கிறேன். அந்த எண்ணில் பிழையில்லை. ஆனால் இந்த வகுப்பு ஒரு மாணவரிடம் எதைக் கேட்கிறது என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது. நானே அதை நெடுநாள் மறைத்து வைத்திருந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பாடத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ.பி. திட்டத்தை காலேஜ் போர்டு 1955ஆம் ஆண்டிலிருந்து நடத்திவருகிறது. பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதத் தேர்வில் 5க்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல கல்லூரிகள் அதைத் தங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்ளும். 4 அல்லது 5 இல்லாமல் ஏற்காத கல்லூரிகளும் உண்டு. இலக்கியத் தேர்வு 3 மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் 55 கொள்குறி வினாக்கள். மீதி 2 மணி நேரத்தில் 3 கட்டுரைகள். கட்டுரைகளுக்குத்தான் 55 சதவீத மதிப்பு. ஒரு கட்டுரை தேர்வில் தரப்படும் கவிதையைப் பற்றியது. மற்றொன்று ஒரு புனைகதைப் பகுதியைப் பற்றியது. மூன்றாவதற்குப் பகுதி எதுவும் தரமாட்டார்கள். கேட்கப்பட்ட பொருளுக்குப் பொருந்தும் ஒரு நாவலையோ நாடகத்தையோ மாணவரே தேர்ந்துகொண்டு, புத்தகம் கையில் இல்லாமல், அதைப் பற்றி வாதிட வேண்டும்.

இந்தப் பாடத்துக்கென்று விதிக்கப்பட்ட நூல் பட்டியல் கிடையாது. எந்தெந்த நூல்களைக் கற்பிக்கலாம், எத்தனை நூல்கள், எந்த வரிசையில் என்பதையெல்லாம் ஆசிரியர்தான் முடிவுசெய்கிறார். பாடத்திட்டத்தை எழுதி காலேஜ் போர்டின் ஒப்புதலைப் பெற்றால் போதும். எனக்குக் கிடைத்த இந்தச் சுதந்திரத்தை நான் பயன்படுத்திய விதத்தில்தான் என் தவறு தொடங்கியது.

முதல் சில ஆண்டுகளில் நான் கொடுத்த கோடைப்பணி இப்படி இருந்தது: 2 நாவல்கள், சேர்த்து ஏறக்குறைய 700 பக்கம். ஒவ்வொரு நாவலுக்கும் 30 குறிப்புகள். நோட்டின் இடப்பக்கம் நாவலிலிருந்து ஒரு வரி, வலப்பக்கம் அதைப் பற்றி மாணவரின் கருத்து. செப்டம்பர் முதல் வாரத்தில், படித்தார்களா என்று பிடிப்பதற்காகவே வைக்கப்பட்ட ஒரு தேர்வு. இவற்றுக்கெல்லாம் முன்னதாக மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டிய ஓர் ஒப்பந்தத் தாள்: ‘இந்த வகுப்பின் கடுமையை அறிந்தே சேர்கிறேன்.’ அமெரிக்கப் பள்ளிகளில் இது அபூர்வமான ஏற்பாடு அல்ல. பக்கங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் வகுப்பின் தரமும் உயரும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். நான் எம்.ஏ. படித்ததும் அப்படித்தான். பாடத்திட்டத்தில் இருந்த நூல்களை எல்லாம் ஒருவர் ஓராண்டில் படிக்க முடியாது என்பது பேராசிரியர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கல்லூரிக்கு எதிரே இருந்த கடையில் நோட்ஸ் விற்பார்கள். பாதிக்கு மேல் நான் புரட்டாத ஒரு நாவலைப் பற்றி 15 மதிப்பெண் வினாவுக்கு 5 பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த நாவலை இன்றுவரை எடுத்துப் படிக்க என்னால் முடியவில்லை. படித்துவிட்டதாக மனம் எப்போதோ கணக்கை முடித்துவிட்டது.

ஓர் ஆண்டு செப்டம்பரில் ஒரு மாணவியின் குறிப்பேடு என் மேசைக்கு வந்தது. 60 குறிப்புகளும் இருந்தன. கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு கருத்தும் 3 வரிக்குக் குறையாமல், எங்கும் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். அவளைக் கூப்பிட்டு, ஒரு குறிப்பைச் சுட்டி, “இந்த வரியை ஏன் தேர்ந்தெடுத்தாய்?” என்று கேட்டேன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அந்த வரி எனக்கும் பிடித்தது என்பதால் கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, வரிகளை இணையத்திலிருந்து எடுத்ததாகவும், கருத்துகளைச் சுருக்கத் தளங்களைப் பார்த்துத் தன் சொற்களில் மாற்றி எழுதியதாகவும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விதிப்படி சுழியம் போட்டுவிட்டு அடுத்த குறிப்பேட்டை எடுத்திருப்பேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். முதல் நாவலை 40 பக்கம்வரை படித்தாளாம். பிடித்திருந்ததாம். ஆனால் அந்த வேகத்தில் படித்தால் 60 குறிப்புகளை முடிக்க முடியாது என்று தெரிந்ததால் படிப்பதை நிறுத்திவிட்டாளாம்.

ஒரு பிள்ளை தானாக விரும்பிப் படித்துக்கொண்டிருந்த நாவலை, நான் கொடுத்த பணியை முடிப்பதற்காக மூடிவைத்திருக்கிறாள். அவளுடைய ஏமாற்று எனக்குப் புதிதல்ல. இது புதிது. அன்று மாலை பள்ளியிலிருந்து வீடுவரை கார் ஓட்டிய அரை மணி நேரமும் அந்த 40 பக்கங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஈடுபாடு இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஈடுபாடு இருந்தது. நான் கேட்டது வேறொன்றாக இருந்தது. இன்று அதே 60 குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடும் என்பதால் பல ஆசிரியர்கள் கோடைப்பணியைக் கைவிட்டுவருகிறார்கள். ஆனால் அந்தப் பணி பழுதானது செயலிகள் வருவதற்கு முன்பே என்பதற்கு அந்த மாணவியே எனக்குச் சாட்சி.

அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து ஒப்பந்தத் தாள் இல்லை. கோடைக்கு ஒரே ஒரு நாவல், அதுவும் அவர்களே தேர்ந்துகொள்வது, குறிப்பேடு இல்லை. அதோடு ஒரு கவிதை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். செப்டம்பரில் நாங்கள் முதலில் படிப்பது ராபர்ட் ஹேடன் எழுதிய ‘தோஸ் வின்டர் சண்டேஸ்’ என்ற கவிதையை. டெட்ராய்ட் நகரத்தில் 1913இல் பிறந்தவர் ஹேடன். 1962இல் வெளியான அவருடைய தொகுப்பில் உள்ள கவிதை இது. மொத்தம் 14 வரி. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தந்தை எழுந்து, வாரமெல்லாம் வெளியில் உழைத்து வெடித்துப்போன கைகளால் கணப்பு மூட்டி, வீடு சூடான பிறகு மகனை எழுப்புகிறார். அவனுடைய நல்ல காலணிகளுக்கு மெருகும் போட்டு வைத்திருக்கிறார். யாரும் அவருக்கு ஒருபோதும் நன்றி சொன்னதில்லை. வளர்ந்த மகன் அதை நினைத்துப் பார்க்கிறான். என் மாணவர்கள் இதைப் படித்து, பொருள் சொல்லி, நோட்டில் எழுதி முடிக்க 10 நிமிடம் போதும். “அப்பாவின் அன்பை அப்போது புரிந்துகொள்ளவில்லை, இப்போது வருந்துகிறான்” என்பார்கள். அது சரிதான். அதோடு அவர்களுக்குக் கவிதை முடிந்துவிடுகிறது.

நான் அவர்களை முதல் வரியின் இரண்டாவது சொல்லுக்கு அழைத்துப் போகிறேன். ‘சண்டேஸ் டூ’ என்று தொடங்குகிறது கவிதை. அந்த ‘டூ’ அங்கே எதற்கு? அதை எடுத்துவிட்டால் என்ன குறையும்? வகுப்பில் சில நொடி அமைதி. அந்த அமைதியில் எனக்குள் எப்போதும் ஒலிப்பது திருநெல்வேலியில் எனக்கு நன்னூல் நடத்திய தமிழாசிரியரின் குரல். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்பது தமிழில் ஓர் இடைச்சொல்: ‘ஞாயிற்றுக்கிழமைகளிலும்’. உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது நன்னூல். ‘சாத்தனும் வந்தான்’ என்றால் கொற்றன் வந்ததும் அதில் அடங்கியிருக்கிறது. கொற்றனின் பெயர் வாக்கியத்தில் இல்லை. எச்சவும்மை. அதே உம்மை ‘ஞாயிற்றுக்கிழமையில்கூட’ என்று அந்த நாளைத் தனியே தூக்கிக் காட்டினால் சிறப்பும்மை. ஹேடனின் வரியில் இருப்பது எது? மற்ற ஆறு நாளோடு ஏழாவதும் என்று சேர்த்துக்கொள்வதா, ஓய்வுநாளில்கூட என்று பிரித்துக் காட்டுவதா? நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் தேவாலயத்துக்குப் போகும் நாள் என்பதற்கான குறிப்பு காலணிகளில் இருக்கிறது என்பதால் இரண்டாவதையும் ஒதுக்கிவிட முடியவில்லை. ஓர் ஆண்டு இதை வெண்பலகையில் தமிழ் எழுத்திலேயே எழுதி விளக்கினேன். தமிழ் அறியாத பிள்ளைகளும் அந்த ‘உம்’மைத் தங்கள் நோட்டில் வரைந்துகொண்டார்கள்.

அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன், அதுவரை வாயே திறக்காதவன், “அப்படியானால் கவிதை தொடங்குவதற்கு முன்பே ஆறு நாள் போய்விட்டது” என்றான். மற்றவர்கள் தாளைப் பார்த்தார்கள். அந்த ஆறு நாளைப் பற்றிக் கவிதையில் நேரடியாகச் சொல்லப்பட்டிருப்பது அந்தக் கைகளின் வெடிப்பு மட்டும்தான் என்று இன்னொருத்தி கண்டுபிடித்தாள். ஏறக்குறைய 40 நிமிட வகுப்பு ஒரு வரியைத் தாண்டாமல் முடிந்தது. அன்றைய வீட்டுப்பாடம், இரவில் மறுபடி ஒரு முறை படித்து 3 வாக்கியம் எழுதிவருவது. 4ஆவது வாக்கியம் கூடாது. மறுநாள் அதில் ஒன்றை அடிக்க வேண்டும். மூன்றாம் நாள் நாங்கள் கவிதையின் கடைசிச் சொல்லுக்குப் போனோம். ‘ஆஃபிசஸ்’ என்ற அந்தச் சொல்லை எல்லோரும் அலுவலகம் என்றே படித்திருந்தார்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. கடமை என்றும், தேவாலயத்து வழிபாடு என்றும் அதற்குப் பொருள் உண்டு என்று அகராதியில் கண்டபோது, குனிந்து அடுப்பு மூட்டும் அந்த மனிதரின் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு எது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள்.

மூன்றாம் நாளிலும் கட்டாயம் ஒருவராவது, “இதை நாம் திங்கட்கிழமையே முடித்துவிட்டோமே” என்று கேட்பார். ‘முடித்துவிட்டோம்’ என்ற அந்தச் சொல்லோடுதான் ஆண்டு முழுவதும் என் போராட்டம். கால்குலஸில் ஒரு கணக்குக்கு விடை வந்துவிட்டால் முடிந்துவிட்டது. அடுத்த கணக்குக்குப் போகலாம். இந்தப் பிள்ளைகள் 11 ஆண்டுகளாக அப்படி முடித்து முடித்துத்தான் என் வகுப்புவரை வந்திருக்கிறார்கள். அதில் கெட்டிக்காரர்கள் என்பதாலேயே இங்கே சேர்க்கப்பட்டவர்கள். ஏற்கெனவே விடை தெரிந்த ஒன்றிடம் திரும்பிப் போவது அவர்களுக்கு வீணாகத் தோன்றுகிறது. புரியாத இடத்தில் நிற்பது தோல்வியாகத் தெரிகிறது. இந்த வகுப்பு கேட்கும் ஈடுபாடு என்பது அந்தத் திரும்பிப் போதலும் அந்த நிற்றலும்தான். 6 மணி நேரம் ஒதுக்கியும் அதைச் செய்யாமல் இருக்கலாம். பள்ளிப் பேருந்தில் 20 நிமிடத்தில் செய்துவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆகவே இப்போது நான் எதிர்பார்ப்பது, கொடுத்த பக்கங்களை இரண்டு முறை படித்துவர வேண்டும் என்பது. பக்கங்களைக் குறைத்துவிட்டேன், முறைகளைக் குறைக்கவில்லை. புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவர வேண்டும். கோடு இல்லாத தாளோடு வருபவரிடம்தான் எனக்குக் கேள்வி அதிகம்.

கட்டுரை மதிப்பீட்டிலும் இதே சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 மதிப்பெண். வாதத்தைத் தெளிவாக முன்வைத்தால் 1. சான்றுக்கும் அதன் விளக்கத்துக்கும் 4. சிந்தனையின் நுட்பத்துக்கு 1. கதையைச் சுருக்கிச் சொல்வதோடு நின்றுவிடும் கட்டுரை அந்த 4இல் மேலே ஏறாது. இது நல்ல அளவுகோல் என்றே கருதுகிறேன். ஆனால் பிள்ளைகள் அதற்கும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ‘கவிஞர் வலுவான படிமங்களைப் பயன்படுத்தித் தம் உணர்வை வாசகருக்குக் கடத்துகிறார்’ என்ற வாக்கியத்தை நான் எத்தனை நூறு முறை திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் பொய் ஒன்றும் இல்லை. கவிஞரின் பெயரை மாற்றிவிட்டு உலகத்துக் கவிதை எதற்கு வேண்டுமானாலும் அதை ஒட்டிவிடலாம் என்பதுதான் குறை. அதன் ஓரத்தில் ‘எந்தப் படிமம்? எந்த உணர்வு?’ என்று எழுதுகிறேன்.

எனக்கு 2 வகுப்புகள், 54 மாணவர்கள். ஒரு கட்டுரையை உண்மையாகப் படித்து எழுதித் தர 15 நிமிடம் ஆகும். ஒரு சுற்றுக்கு பதின்மூன்றரை மணி நேரம். முன்பு வாரம் ஒரு கட்டுரை வாங்கி, மதிப்பெண் மட்டும் போட்டுத் திருப்பித் தந்துகொண்டிருந்தேன். இப்போது மூன்று வாரத்துக்கு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் கையெழுத்து இருக்கும். தாங்கள் எழுதியதை ஒருவர் கடைசி வரிவரை படித்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளைகள் அடுத்த கட்டுரையை வேறுவிதமாக எழுதுகிறார்கள். என் வகுப்பில் நான் கண்ட மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான். பிள்ளைகளுக்கு ஈடுபாடு இல்லை என்று பேசும் ஆசிரியர் கூட்டங்களில் இந்தப் பக்கத்தை நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

12ஆம் வகுப்பின் காலக்கணக்கையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரிகளுக்கான முன்கூட்டிய விண்ணப்பங்களில் பலவற்றுக்கு நவம்பர் 1 கடைசி நாள். மற்றவை பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில். அக்டோபர் கடைசி இரண்டு வாரங்களில் இந்தப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய விண்ணப்பக் கட்டுரைகளை இரவெல்லாம் எழுதித் திருத்திக்கொண்டிருப்பார்கள். அந்த நாள்களில் நான் வீட்டுக்கு எந்தக் கட்டுரையும் கொடுப்பதில்லை. இது எதிர்பார்ப்பைக் குறைப்பது என்று உடன் பணிபுரியும் ஒருவர் வருத்தப்பட்டார்; நான் அப்படி நினைக்கவில்லை. தூங்காத பிள்ளையின் முன்னால் கவிதையை வைத்தால் அது எழுத்து வரிசையாகத்தான் தெரியும். பிப்ரவரியில், விண்ணப்பமெல்லாம் போய்ச் சேர்ந்து, இனி மதிப்பெண்ணால் பெரிய லாபம் இல்லை என்ற நிலை வரும்போது ஹாம்லெட்டை எடுக்கிறேன். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலேயே நீளமானது. அதை வகுப்பிலேயே வாய்விட்டுப் படிக்கிறோம். ஜனவரிக்குப் பிறகும் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டு உட்காருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் ஆண்டின் முதற்பாதியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவரும். மதிப்பெண்கள் கூடிவிட்டனவா என்றால், பெரிதாக இல்லை. பக்கங்களைக் குறைத்ததால் குறைந்துவிடும் என்று பயந்தேன், குறையவும் இல்லை.

தமிழ்ப் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பல பள்ளிகளில் ஏ.பி. வகுப்பின் ‘ஏ’ கிரேடுக்கு 4க்குப் பதில் 5 புள்ளி கணக்கிடுகிறார்கள். அந்த ஒரு புள்ளிக்காக, கதையில் ஆர்வமில்லாத பிள்ளையை இங்கே அனுப்பாதீர்கள். வழக்கமான 12ஆம் வகுப்பு ஆங்கிலத்தில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. ஒருமுறை ஒரு தாய், “அவன் ரொம்ப மெதுவாத்தான் படிப்பான் மேடம், ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டு இருப்பான், தாக்குப்பிடிப்பானா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கட்டாயம் அனுப்புங்கள் என்றேன். மெதுவாகப் படிப்பது ஊனம் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். இந்த ஒரு வகுப்பில் அது மூலதனம்.

கோடைக்குக் கொடுக்கும் கவிதையைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். ஆண்டுதோறும் வேறு வேறு கவிதை, ஒரே தாள், நான்கு பக்கமும் அகலமான ஓரம் விட்டு அச்சிட்டிருப்பேன். மேலே 4 தேதிகள் எழுதுவதற்குக் கோடுகள். ஜூனில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை, ஆகஸ்டில் இரண்டு முறை படிக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, தோன்றியதை ஓரத்தில் எழுத வேண்டும்; முன்பு எழுதியதை அழிக்கக் கூடாது. இதற்கு மதிப்பெண் இல்லை. சென்ற செப்டம்பரில் வந்த தாள்களில் சில வெறுமையாக வந்தன. சிலவற்றில் நான்கு தேதிக்கும் ஒரே மை, ஒரே அவசரம். ஒரு மாணவனின் தாளில் ஜூன் தேதிக்குக் கீழே ‘புரியவில்லை’ என்று மட்டும் இருந்தது. ஜூலையிலும் ‘புரியவில்லை’. ஆகஸ்ட் முதல் வாரத்தில், பென்சிலில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், ‘இன்னும் புரியவில்லை, ஆனால் எந்தச் சொல் புரியவில்லை என்று தெரிந்துவிட்டது’ என்று எழுதி, 9ஆவது வரியில் ஒரு சொல்லை வட்டமிட்டிருந்தான். அந்தக் கவிதையை வகுப்பில் எடுத்தபோது அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கினேன்.